இரவு இரண்டு மணிக்கு வரும் கை யாருடையது?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது, எடை 20 கிலோ. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஒன்பது மாதத்துக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் நான்கு முறை இன்சுலின். டாக்டர் சொன்னபடி இரவு 2 மணிக்கு எழுந்து, அவள் தூங்கும்போதே விரலில் குத்தி சுகர் பார்க்கிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதமாகப் படுக்கவே மறுக்கிறாள். கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது, இருட்டானதும் வந்து கடிக்கும் என்கிறாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடு இரவில் அலறி எழுகிறாள். ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். அதில் முயல்குட்டிக்கு ஊசி போட்டதும் நோய் குணமாகி ஓடுகிறது. அதைப் படித்ததிலிருந்து, ‘எனக்கு மட்டும் ஏம்மா சரியாகல?’ என்று கேட்கிறாள். நானே ஒரு புத்தகம் செய்து கொடுக்கலாமா? எப்படிச் செய்வது? வீட்டில் மாமியார், கணவர், ஒன்பது வயது மகன் இருக்கிறார்கள்.
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘கடிக்கும்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். பேய் வரும், பூச்சாண்டி தூக்கிக்கொண்டு போவான் என்றுதான் இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். உங்கள் மகள் கடிக்கும் என்கிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. தினமும் நடு இரவில் ஏதோ ஒன்று அவள் விரலைச் சுருக்கென்று கடிக்கத்தான் செய்கிறது. காலையில் விரல் நுனியில் அந்தப் புள்ளியும் இருக்கிறது. கடித்தது யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பிள்ளைகள் ஒரு மிருகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அதனால் நீங்களே புத்தகம் செய்வது மிகவும் நல்லது. ஆனால் அது இருட்டைப் பற்றியோ தைரியத்தைப் பற்றியோ இருக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி காட்டும் புத்தகமாக இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவள் அலறி எழும் ஒவ்வொரு முறையும், தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பதற்கு முன், அப்போதே சுகர் பாருங்கள். இரவில் சுகர் இறங்கும்போது பிள்ளைகள் கெட்ட கனவு கண்டவர்களைப் போலவே கத்துவார்கள், அழுவார்கள், நம்மை அடையாளம் தெரியாதவர்கள் போல விழிப்பார்கள். பிடரியும் முதுகும் வியர்வையில் நனைந்திருந்தால், கை நடுங்கினால், காலையில் தலைவலி என்று சொன்னால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் அது பயம் மட்டுமல்ல, லோ சுகர். அதற்குக் குளுக்கோஸ் தூள் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 0.3 கிராம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மகளின் எடைக்கு அது 6 கிராம். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். நடு இரவில் அளவு பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், பகலிலேயே சமையலறைத் தராசில் 6 கிராம் எடைபோட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் நிரப்பி வைத்துவிடுங்கள். எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு டப்பா. பாலும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசியை மருத்துவர் கொடுத்திருந்தால் அதைப் போட்டு, 108-ஐ அழையுங்கள்.

எண் சரியாக இருக்கும் இரவுகளில் மணியைக் கவனியுங்கள். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கண்ணைத் திறந்தபடி அலறி, கூப்பிட்டாலும் திரும்பாமல், காலையில் எதுவும் ஞாபகம் இல்லை என்றால், அது ஆழ்ந்த தூக்கத்திலேயே வரும் இரவு அலறல். எழுப்ப முயல வேண்டாம், விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். விடியற்காலைப் பக்கம் முழுதாக விழித்து, அம்மாவைத் தேடி, என்ன கண்டேன் என்று சொல்கிறாள் என்றால் அது கெட்ட கனவு. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: மணி, மீட்டர் எண், வியர்வை இருந்ததா, என்ன சொன்னாள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் கொடுங்கள். லோ சுகர் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். இரவு இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இனி அந்த இரண்டு மணிக் குத்தல். தூங்கும் பிள்ளைக்குத் தெரியாமல் குத்திவிடுவதுதான் இரக்கம் என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒத்துப்போகிறது. உங்கள் மகளுக்கு ஒத்துப்போகவில்லை. இனி அவளுக்குத் தெரிந்தே நடக்கட்டும். படுக்கப் போகுமுன் இன்றைக்கு எந்த விரல் என்று அவள் தேர்ந்தெடுக்கட்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு மற்றவற்றில் ஒன்று. அந்த விரலின் நகத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். குத்துகிற இடத்தில் மை படக் கூடாது, அதனால்தான் நகம். இரவில் அவள் கையைத் தொடும்போது ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில் சொல்லுங்கள்: “அம்மாதான். விரல் மட்டும்.” அவள் எழுந்திருக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் ஒருநாளும் ஊசி படக் கூடாது. உங்கள் கணவரும் முறைபோட்டு எழுந்திருக்க வேண்டும். ஒன்பது மாதமாக ஒருவரே தூக்கம் கெட்டிருப்பது உங்களுக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. அவருக்கு வாக்கியம் “அப்பாதான். விரல் மட்டும்.”

குத்துவது விரல் நுனியின் பக்கவாட்டில். நடுச் சதையில் நரம்பு அதிகம், வலியும் அதிகம். ஒவ்வொரு முறையும் புது லான்செட், அதாவது குத்தும் பேனாவில் மாட்டும் சின்ன ஊசி. குத்தும் பேனாவில் ஆழம் காட்டும் எண்ணைக் குறைவில் வைத்துத் தொடங்கி, ரத்தம் வரவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கை சில்லென்று இருந்தால் உங்கள் உள்ளங்கையில் அரை நிமிடம் பொத்தி வைத்துவிட்டுக் குத்தினால் ஆழமாகப் போக வேண்டியிருக்காது. விரலில் பழச்சாறோ குளுக்கோஸ் தூளோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியில் பாருங்கள்.

இன்னொன்று, இரவு இன்சுலினைக் கட்டிலில் வைத்துப் போடாதீர்கள். ஹாலில் ஒரு நாற்காலியை அதற்கென்று ஒதுக்குங்கள். கட்டில் தூங்குகிற இடமாக இருக்கட்டும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம்.

நீங்கள் வாங்கிய முயல்குட்டிக் கதை செய்த தவறு, நோய் பற்றிய படப் புத்தகங்களில் அடிக்கடி வருவது. காய்ச்சலுக்கு எழுதும் முடிவைக் காலத்துக்கும் கூட வருகிற நோய்க்கு எழுதிவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை கதையின் கடைசிப் பக்கத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும். அது நடக்காதபோது தன்னிடம்தான் குறை என்று நினைக்கும். ‘எனக்கு மட்டும் ஏம்மா சரியாகல?’ என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுங்கள்: “அந்த முயலுக்கு வந்தது வேற. உனக்கு வந்தது போகாது. தினமும் இன்சுலின் போட்டா நல்லா இருக்கலாம், ஓடலாம், விளையாடலாம்.” இதைச் சொல்லத் தொண்டை அடைக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

இதைவிடக் கெடுதல் செய்கிற வகை ஒன்று உண்டு. நோயை ஓர் அரக்கனாக வரைந்து, குழந்தை அவனோடு சண்டை போட்டு ஜெயிப்பதாகக் காட்டுவது. பெரியவர்களுக்கு அது உற்சாகமாகத் தெரியும். குழந்தையின் கணக்கு வேறு. நோய் எங்கே இருக்கிறது? என் உடம்புக்குள். அப்படியென்றால் அரக்கன் எனக்குள்தான் இருக்கிறான். சுகர் கூடிய நாளெல்லாம் அவன் ஜெயித்த நாள், நான் தோற்ற நாள். ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் ஒன்றை வைத்திருக்கும் பிள்ளையிடம், அவள் வயிற்றுக்குள்ளும் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அதே காரணத்துக்காக, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் தெளித்துப் பேயை விரட்டுவது போன்ற விளையாட்டையும் உங்கள் வீட்டில் தவிர்க்கச் சொல்வேன். விரட்டினோம் என்றால் அங்கே ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

மிட்டாய் தின்றதால் நோய் வந்தது என்று காட்டும் கதையும் கூடாது. டைப் 1 இனிப்பால் வருவதில்லை. உடம்பின் பாதுகாப்புப் படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருகிறது. அதில் அவள் செய்த பிழை எதுவும் இல்லை. ஊசி போடும்போது அழவே அழாத வீரக் குழந்தையும் வேண்டாம். அழலாம், கையை மட்டும் ஆட்டக் கூடாது என்பதுதான் அவளுக்குத் தேவையான விதி.

கடையில் புத்தகம் வாங்கும்போதும் இவற்றையே பாருங்கள். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். பிறகு பெரியவர்களின் கைகளைப் பாருங்கள்: குழந்தையை அமுக்கிப் பிடிக்கின்றனவா, தாங்கிப் பிடிக்கின்றனவா? ஊசிப் பக்கத்தில் ஊசி எவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது? லோ சுகர் வந்த குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள்? சாக்லேட் கொடுக்கிற படம் இருந்தால் அதை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டவில்லை என்று அர்த்தம்.

அவளுடைய புத்தக அடுக்கு முழுக்க நோய்ப் புத்தகங்களாகிவிடவும் கூடாது. பத்தில் ஒன்றே போதும். மற்றவை நிலாவும் ஆந்தையும் ரயில் சத்தமுமாக இருக்கட்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். நான்கு வாசிப்பு நிலைகளில் முதல் இரண்டும் உங்கள் மகளுக்குப் பொருந்தும். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்கள் கிடைக்கும்.

உங்கள் புத்தகத்துக்கு ஏ4 அளவில் நான்கு டிராயிங் தாள், 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) அல்லது அதற்குச் சற்று மேல். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70–80 ஜிஎஸ்எம்தான், வண்ணம் பட்டதும் சுருண்டுவிடும். அட்டைக்குக் கெட்டியான தாள் ஒன்று. நான்கு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குறுக்கே மடித்தால் 16 பக்கம் வரும். மடித்த உடனே, வரைவதற்கு முன்பே, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். வீட்டில் செய்யும் புத்தகங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். வெளித் தாளில் 1, 2, 15, 16 என்ற பக்கங்கள் விழும். அடுத்ததில் 3, 4, 13, 14. அதற்கடுத்ததில் 5, 6, 11, 12. நடுத் தாளில் 7, 8, 9, 10. எண் போடாமல் தாள் தாளாக வரைந்தால் காலை இரவுக்கு முன்னால் வந்து நிற்கும்.

இடப் பக்கமும் வலப் பக்கமும் வெட்டில்லாமல் ஒரே தாளில் அமைவது 8-ம் 9-ம் மட்டுமே. உங்கள் புத்தகத்தின் முக்கியமான படம் அங்கே வர வேண்டும். இரவு இரண்டு மணி, வீடு முழுவதும், கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல. கட்டிலில் அவள், பக்கத்தில் அண்ணன், அடுத்த அறையில் அப்பத்தா, அப்பா. அம்மா மட்டும் கையில் டார்ச்சோடு அவளை நோக்கி நடந்து வருகிறார். கட்டிலுக்கு அடியில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வரையுங்கள்: சூட்கேஸ், பழைய செருப்பு, உருண்டுபோன பந்து. எதுவும் இல்லை என்று எழுத வேண்டாம். அவளே விரல் வைத்துத் தேடி முடிக்கட்டும்.

படத்தை முதலில் மெழுகு கிரேயானால் வரையுங்கள். டார்ச் வெளிச்சம், ஜீரோ வாட்ஸ் பல்பு, முகங்கள், கைகள் எல்லாவற்றையும் மஞ்சளிலும் வெளிர் நிறங்களிலும் அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். பிறகு கரும் நீல வாட்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து, பெரிய பிரஷ்ஷோடு அவள் கையில் கொடுங்கள். பக்கம் முழுக்க அவள் பூசட்டும். மெழுகு உள்ள இடத்தில் நீலம் ஒட்டாது. இருட்டு பரவப் பரவ வெளிச்சமும் முகங்களும் தனியாகத் தெளிந்து நிற்கும். இரவை அவளே கொண்டுவருகிறாள், அதற்குள் ஆட்கள் காணாமல் போகவில்லை என்பதையும் கண்ணால் பார்க்கிறாள். இந்த வேலையை நீங்கள் செய்து முடித்துவிடாதீர்கள். கறுப்பு வேண்டாம், கறுப்பு பூசினால் வரைந்த கோடுகள் மங்கிவிடும். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே தாளைத் திருப்புங்கள். எல்லாம் காய்ந்ததும் கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தால் நெளிவு போய்விடும்.

கதாபாத்திரம் முயலாகவோ கரடியாகவோ இருக்க வேண்டாம். மூன்று நான்கு வயதுக்கு விலங்குகள் பொருந்தும். உங்கள் மகளுக்கு அவளைப் போன்ற ஒரு பெண் குழந்தை, அவளுடைய பாவாடை நிறத்தில், அவளுடைய மீட்டரோடு. பெயர் வைக்க வேண்டாம், ‘நான்’ என்றே எழுதலாம்.

வாக்கியங்கள் அவள் வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கட்டும். சின்னச் சின்னதாக, பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் போகாமல். ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும்: ‘ரெண்டு மணி’.

2, 3: “சாப்பிட்டாச்சு. பல்லு வெளக்கியாச்சு. நாற்காலில உக்காந்து ஊசியும் போட்டாச்சு.” “இப்ப என் பெட்டியத் தொறக்கிறேன்.”

4, 5: “மீட்டர். ஸ்ட்ரிப். குத்துற பேனா. குளுக்கோஸ் டப்பா. தண்ணி. டார்ச்.” “எல்லாம் இருக்கு.”

6, 7: “இன்னைக்கு எந்த விரல்? மோதிர விரல். நகத்துல புள்ளி வச்சாச்சு.” “லைட்ட நான்தான் அணைச்சேன்.”

8, 9: “மணி ரெண்டு. எல்லாரும் தூங்குறாங்க. அம்மா மட்டும் முழிச்சிருக்காங்க.”

10, 11: “அம்மாதான். விரல் மட்டும்.” “சுருக்குன்னு இருக்கு. அப்புறம் போயிருது.”

12, 13: “மீட்டர்ல ஒரு நம்பர் வருது.” “கம்மியா இருந்தா குளுக்கோஸ் குடிப்பேன். உக்காந்திருந்து திரும்பப் பாப்போம். அப்புறம் தூங்குவேன்.”

14, 15: “விடிஞ்சிருச்சு. நகத்துல புள்ளி இன்னும் இருக்கு.” “இன்னைக்கு ராத்திரி எந்த விரல்? நான் சொல்றேன்.”

‘வலிக்காது’ என்று எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். ஒரு பொய் அகப்பட்டால் மற்ற பக்கங்களையும் அவள் நம்ப மாட்டாள். ‘சுருக்குன்னு இருக்கு, அப்புறம் போயிருது’ என்பதில் அவள் விரலுக்குத் தெரிந்ததுதான் இருக்கிறது. 10-ஆம் பக்கத்தில் ஊசியை வரைய வேண்டியதில்லை. இரண்டு கைகளைப் பெரிதாக வரையுங்கள்: வளையல் போட்ட உங்கள் கை, அதற்குள் புள்ளி வைத்த அவள் விரல். இந்தக் கை யாருடையது என்பதில் அவளுக்குத் துளியும் ஐயம் இருக்கக் கூடாது. உங்கள் வளையலின் நிறம், விரலில் போட்டிருக்கும் மோதிரம், மணிக்கட்டில் மச்சம் இருந்தால் அதுவும் வர வேண்டும்.

12-ஆம் பக்கத்து மீட்டரில் எண் எழுதாமல் காலிக் கட்டமாக விடுங்கள். சிரித்த முகம், அழுத முகம், நட்சத்திரம் எதுவும் வேண்டாம். சுகர் எண் பரீட்சை மார்க்காக மாறிவிட்டால், பிற்காலத்தில் அதிகமாக இருக்கும் எண்ணை மறைக்கத் தொடங்குவார்கள். பேச்சிலும் ‘நல்ல சுகர், கெட்ட சுகர்’ என்று சொல்லாமல் ‘கூட இருக்கு, கம்மியா இருக்கு’ என்றே சொல்லுங்கள். 16-ஆம் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அங்கே அவள் எதை வேண்டுமானாலும் வரையலாம், கட்டிலுக்கு அடியில் இருப்பதையும்கூட. வரைந்தால் திருத்தாதீர்கள். “இது எங்கே தூங்கும்?” என்று மட்டும் கேளுங்கள்.

கட்டுவதற்கு ஸ்டேப்ளர் வேண்டாம். பின் முனை நிமிர்ந்து, ஏற்கெனவே நொந்திருக்கும் விரலைக் குத்தும். மடிப்பில் மூன்று துளை போடுங்கள்: சரி நடுவில் ஒன்று, அதற்கு மேலும் கீழும் 5 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. கெட்டியான பருத்தி நூல் 55 சென்டிமீட்டர். உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே போங்கள், மேல் துளை வழியாக உள்ளே வாருங்கள், நடுவை விட்டுவிட்டுக் கீழ்த் துளை வழியாக வெளியே போய், மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே வாருங்கள். நூலின் இரண்டு முனைகளும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் வருமாறு பார்த்து, அந்த நூலை அணைத்து முடிச்சுப் போட்டால் அசையாது.

முதல் நான்கைந்து நாள் புத்தகத்தை இரவில் எடுக்காதீர்கள். பள்ளி விட்டு வந்து பண்டம் தின்றபின், வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து படியுங்கள். பயத்தைப் பற்றிய புத்தகத்தைப் பயம் வரும் நேரத்தில் முதன்முதலாகத் திறந்தால் அதுவும் பயத்தோடு சேர்ந்துவிடும். பக்கத்தை அவளே புரட்டட்டும். ‘பயமா இருக்கா?’ என்று கேட்காமல் ‘இந்தப் பக்கத்துல என்ன நடக்குது?’ என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுத் தாண்டினால் தாண்டவிடுங்கள், எது என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் படியுங்கள். லான்செட்டைக் கழற்றிவிட்ட பேனாவை அவள் கையில் கொடுத்தால் பொம்மைக்கும் அண்ணனுக்கும் சுகர் பார்ப்பாள். “நான்தான். விரல் மட்டும்” என்று அவளே சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை இரவுக்கு மாற்றலாம். அங்கே ஒரு முறை, பத்து நிமிடத்துக்குள். பிறகு அவள் கையால் விளக்கணைப்பு.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பேச்சு தேவை. ‘சாப்பிடலைன்னா டாக்டர்ட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’, ‘தூங்கலைன்னா பூச்சாண்டி வருவான்’ என்பவை நம் ஊரில் யோசிக்காமல் வாயில் வருகிற வார்த்தைகள். தினமும் நான்கு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கும் வீட்டில், ஊசி தண்டனையாக ஒருபோதும் பேசப்படக் கூடாது. மகனைப் பயமுறுத்துவதற்குக்கூட. உங்கள் மாமியார் ‘கொஞ்ச நாள்ல சரியாயிரும், நாட்டு மருந்து பாக்கலாம்’ என்று சொல்பவராக இருந்தால், பிள்ளை காதில் விழாமல் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகூடத் தாண்டவில்லை. இன்றும் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து வரும். சொல்லிவிட்டு, 8–9 பக்கத்துப் படத்தில் அப்பத்தாவின் போர்வைக்கு வண்ணம் தீட்டும் வேலையை அவருக்குக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் நடுப் பக்கத்தில், மருந்தை மூச்சோடு உள்ளிழுக்க உதவும் ஸ்பேசரும் நெபுலைசரும் வரும். நெபுலைசரின் சத்தத்தைப் பிள்ளையிடமே கேட்டு, அது சொல்லும் ஒலியை அப்படியே எழுதுங்கள். தூக்கத்தில் வலிப்பு வரும் பிள்ளைக்கு, தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தெரியாததுதான் அங்கே பயம். அதனால் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வரையுங்கள்: ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், கடிகாரம் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தார்கள். வாயில் ஸ்பூன் வைப்பதும் கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் படத்தில் வரக் கூடாது, வீட்டிலும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சகோதரி, இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஆகியும் படுக்க மறுக்கிறாள், அல்லது இன்சுலினையே தடுக்கிறாள், சாப்பிடப் பயப்படுகிறாள், பகலிலும் விளையாட்டை விட்டு ஒதுங்குகிறாள் என்றால், சுகர் மருத்துவரிடமே கேட்டு ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அந்தப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அவள் தாண்டிப்போன பக்கம் எது என்று சொன்னாலே அவருக்குப் பாதி விஷயம் பிடிபடும்.

பின்னால் எப்போதாவது தோலில் ஒட்டிச் சுகர் பார்க்கும் சென்சாரோ இன்சுலின் பம்ப்போ வந்தால், புதுப் புத்தகம் செய்ய வேண்டாம். நூலை வெட்டி, நடுத் தாளை மட்டும் உருவிவிட்டு, 7 முதல் 10 வரை புதிதாக வரைந்து, அதே துளைகளில் மறுபடி தைத்துவிடுங்கள். பழைய நடுத் தாளைத் தூக்கிப் போடாமல் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.